யாரும் சொல்லித்தரவில்லை என்றாய்

அருள்,

வேலை நெருக்கடி என்று கம்பெனிப் பக்கத்திலேயே தங்கியிருக்கிற நீ நேற்று சாயங்காலம் போன் செய்தபோது பாதியில் ரிசீவரை அப்பா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொன்னேன். பால் ஒன்றும் பொங்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் அங்கே நின்றிருந்தால் கல்யாண நேரத்தில் ஒரு தாய் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை வந்திருக்கும். போனில் உன்னோடு சண்டை போடவும் எனக்கு வராது. நீ “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லிக்கொண்டே இருப்பாய், கடைசியில் நான்தான் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துத் தொலைப்பேன். அதனால் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

நீ கேட்டது இரண்டு விஷயம். ஒன்று, மும்தாஜ் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகையை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும், உனக்கு நேரமில்லை. இரண்டாவது, புதிதாக மேலே போயிருக்கிற செயற்கைக்கோளில் கேமரா வேறு மாதிரியாம். பழைய படங்களைப் பார்த்துப் பழகிய உங்கள் நியூரல் நெட்வொர்க் புதுப் படங்களில் தடுமாறுகிறதாம். அதனால் கல்யாணம் முடிந்ததும் இன்னொரு செட் படம் பார்த்து மார்க் போட்டுத் தர வேண்டும். “மும்தாஜ் காலாவையும் கூப்டுக்கோம்மா, அவங்களும் இப்ப வீட்ல சும்மாதான இருக்காங்க” என்றாய். இந்த ஒரு வாக்கியத்தை நேற்றிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன், முழுங்க முடியவில்லை. அவளைச் சும்மா உட்கார வைத்தது யாரடா? வீட்டுக்கு வந்த இடத்தில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனவன், மூடியை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து கேட்கிற மாதிரி இருக்கிறது நீ கேட்பது.

எங்கள் வேலை என்ன என்று உனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தெரிந்த மாதிரி இல்லை, அதனால் ஒரு தடவை சொல்கிறேன். செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் போகும்போது எடுத்த படம் எங்கள் ஆபீசுக்கு வரும். படம் முழுக்க மேகமாக இருந்தால் அதை வைத்து யாரும் ஏரியும் பார்க்க முடியாது, பயிரும் பார்க்க முடியாது. ஆகவே எது உருப்படியான படம், எது குப்பை என்று முதலில் ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். படத்தை நாலு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மேகத்தின் அளவுக்குத் தக்கபடி சுழியிலிருந்து ஒன்பது வரை மார்க் போட வேண்டும். அது நாங்கள். நான் நிரந்தர வேலை. மும்தாஜும் இன்னும் சில பெண்களும் காண்ட்ராக்ட், வருஷத்துக்கு வருஷம் புதுப்பிப்பார்கள். எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கண் போட்ட மார்க் மார்க்கே இல்லை. நான் போட்டதைப் பார்க்காமல் மும்தாஜ் தனியாகப் போடுவாள். இரண்டும் ஒத்துப்போனால் சரி, போகவில்லையென்றால் இரண்டு பேரும் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்து வாதாடி ஒரு முடிவுக்கு வர வேண்டும். மெல்லிசு மேகம் என்றால் மும்தாஜ் எப்போதும் ஒரு மார்க் கூடப் போடுவாள். “இது மேகம் இல்லடி, பனிப்புகை” என்பேன் நான். “உன் கண்ணுக்குத்தாண்டி புகை” என்பாள் அவள். இப்படிச் சண்டை போட்டுச் சண்டை போட்டே நாங்கள் சிநேகிதிகள் ஆனோம். நீ பிறந்த பிறகு அவள்தான் உன்னை மடியில் போட்டுக்கொண்டு, என்னை ஆன்ட்டி என்று கூப்பிடாதே, எங்கள் வீட்டில் அம்மாவின் தங்கையைக் காலா என்போம், அப்படியே கூப்பிடு என்று பழக்கினாள்.

நீ எம்.டெக் இரண்டாம் வருஷம் இருக்கும்போது ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, “ப்ராஜெக்டுக்கு மேகம் கண்டுபிடிக்கிற புரோகிராம் எழுதறேம்மா, கொஞ்சம் ஹெல்ப் பண்றியா” என்று கேட்டாய். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது, அதை மறைக்கப்போவதில்லை. தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கின ஒருவரின் மகள் நான். பாசஞ்சர் ரயிலில் தினமும் பெங்களூருக்கு வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தால் போதும் என்றுதான் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். எப்படியோ இந்தப் படங்களின் முன்னால் வந்து உட்கார்ந்தேன். என் மகன் இன்ஜினியராகி நான் செய்கிற வேலையையே படிப்பாகப் படிக்கிறான் என்றால் அதைவிட என்ன வேண்டும்? கல்லூரிக்கு ஆராய்ச்சிக்காகப் பழைய படங்கள் கொடுப்பது வழக்கம்தான். அதனால் நீ கொண்டுவந்த சிடியில் எங்கள் படங்களைப் பார்த்தபோது நான் ஒன்றும் சந்தேகப்படவில்லை. ஒரு சிறு குழந்தைக்கு இது பூனை, இது நாய் என்று காட்டிப் பழக்குகிற மாதிரி, இது மேகம், இது மேகம் இல்லை என்று ஆயிரக்கணக்கில் காட்டினால் கம்ப்யூட்டர் தானே பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினாய். அப்படியானால் காட்டுகிற கை சரியாக இருக்க வேண்டும் என்றேன் நான். ஒரு கண் போதாது, மும்தாஜையும் கூப்பிடுகிறேன் என்று சொன்னது நான்தான். நீ ஒரு நொடி யோசித்தாய். அப்போது அதை நான் கூச்சம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மத்தியானம் ஆனால் மும்தாஜ் நீலசந்திராவிலிருந்து நடந்தே வந்துவிடுவாள். வெறுங்கையோடு வந்ததே இல்லை. உனக்குப் பிடித்த கீமா பரோட்டாவை டப்பாவில் அடைத்து, மேலே துணி சுற்றி, சூடாகக் கொண்டுவருவாள். உன் கம்ப்யூட்டர் முன்னால் நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி உட்கார்ந்து மார்க் போடுவோம். நீ பக்கத்தில் நின்று பார்ப்பாய். ஆபீசில் போலவே சண்டையும் நடக்கும். ஒருநாள் தங்கவயல் படம் வந்தது. அங்கே தங்கம் எடுத்த பிறகு கொட்டின சயனைடு மண் மலை மலையாகக் கிடக்கிறதே, மேலேயிருந்து பார்த்தால் அது வெள்ளைத் துண்டுகளாகத் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிற யாரும் அதை மேகம் என்றுதான் மார்க் போடுவார்கள். மேகமென்றால் அதன் பக்கத்திலேயே நிழல் விழுந்திருக்கும், இதற்கு நிழல் இல்லை என்று உனக்குக் காட்டினேன். “இது நான் சறுக்கி விழுந்த மலைதானம்மா” என்று நீயே கேட்டாய். ஆமாம், உன் தாத்தா செத்த வருஷம் லீவுக்குப் போனபோது அட்டையை வைத்துச் சறுக்கி, கண்ணெல்லாம் மண்ணாகி அழுதுகொண்டு வந்தாய். முதுகில் ஒன்று வைத்தேன். அதையெல்லாம் மும்தாஜிடம் சொல்லி மூன்று பேரும் சிரித்தோம். பிறகு நான்தான் சொன்னேன், இந்த ஊர்ப் படங்களை வேறு வேறு மாதங்களில் எடுத்ததாகப் பார்த்து நிறையச் சேர், இல்லாவிட்டால் உன் மெஷின் ஏமாந்துபோகும் என்று. நீ உடனே சேர்த்தாய். படிப்பில் நீ என்றைக்கும் கெட்டிக்காரன்தான்.

கடைசிச் சனிக்கிழமை அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது போல, ஒரு புடவை வாங்கிவந்து மும்தாஜிடம் நீட்டினாய். அவள் வாங்கவில்லை. “அரே, நக்கோ, வேணாம். நம்ம புள்ள படிப்புக்கு கூலியா வாங்குவேன்? நீ பாஸ் பண்ணு, மொதோ சம்பளத்துல வாங்கிக் குடு” என்றாள். அந்தப் புடவை இப்போது என் பீரோவில் இருக்கிறது. உனக்கு முதல் சம்பளம் வந்து எத்தனை காலம் ஆயிற்று.

பிறகு நீ எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்தாய். கம்பெனி வேன் தெருமுனைக்கு வரும். ஒருநாள் காலையில், “முக்கியமான கிளையன்ட் மீட்டிங்மா, அந்த நீலச் சட்டையை அயர்ன் பண்ணித் தா” என்றாய். பண்ணிக் கொடுத்தேன். எந்த கிளையன்ட் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் எங்கள் செக்‌ஷனில் எல்லோரையும் ஹாலுக்கு வரச் சொன்னார்கள். ஏதோ ஒரு கம்பெனி புது சாஃப்ட்வேர் காட்டப்போகிறது என்றார்கள். மும்தாஜும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முன்னால் மேடையில், நான் அயர்ன் பண்ணின சட்டையைப் போட்டுக்கொண்டு நீ நிற்கிறாய்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாக வலிக்கிறது. பக்கத்திலிருந்த மும்தாஜின் தொடையில் தட்டி, “பாருடி, நம்ம அருள்” என்றேன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஆச்சரியம் காட்டத்தான் காலையில் சொல்லாமல் இருந்திருக்கிறான் திருட்டுப் பயல் என்று நினைத்தேன். நீ படங்களை ஒவ்வொன்றாகப் போட்டாய். மெஷின் நாலு கட்டத்துக்கும் மார்க் போட்டது. மெல்லிசு மேகம் படர்ந்த ஒரு படம் வந்தது. அதில் மெஷின் கொடுத்த மார்க்கைப் பார்த்ததும் மும்தாஜ் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அது அவளுடைய மார்க். அந்த மாதிரி மேகத்துக்கு அவளைத் தவிர வேறு யாரும் அவ்வளவு போட மாட்டார்கள். அடுத்து எங்கள் பெரிய அதிகாரி, உன்னைச் சோதிக்கத்தான், தங்கவயல் படத்தைப் போடச் சொன்னார். மெஷின் சுழி என்றது. ஹாலில் எல்லோரும் கை தட்டினார்கள். “எங்க ஆளுங்களே இதுல தப்பு பண்ணுவாங்க. இதுக்கு யாருப்பா சொல்லிக் குடுத்தது?” என்று அவர் இங்கிலீஷில் கேட்டார். நீயும் இங்கிலீஷில்தான் பதில் சொன்னாய். யாரும் சொல்லித்தரவில்லை சார், டேட்டாவிலிருந்து அதுவாகவே கற்றுக்கொண்டது என்றாய். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அடுத்து, இது வந்துவிட்டால் இந்த வேலைக்கு ஆட்களே தேவைப்படாது, ஒரு நாள் வேலையைச் சில நிமிஷத்தில் முடித்துவிடும் என்றாய்.

அப்புறம் டீ கொடுத்தார்கள். அதிகாரி உன்னை ஒவ்வொருவரிடமாக அழைத்துவந்து அறிமுகம் செய்தார். என் முன்னால் வந்து நின்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் நீ கை கூப்பி, “வணக்கம் மேடம்” என்றாய். பெற்ற மகன், காலையில் நான் ஊட்டாத குறையாகத் தோசை வைத்துக் கொடுத்த மகன், அத்தனை பேர் நடுவில் என்னை மேடம் என்கிறான். உன் கண் மட்டும், சொல்லிவிடாதே என்று கெஞ்சியது. நானும் கை கூப்பி, “வணக்கம் சார்” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. உன்னை அந்த இடத்தில் அவமானப்படுத்தக்கூடாது என்று கை தானாக எழுந்துவிட்டது. அடுத்து மும்தாஜிடமும் மேடம் என்றாய். அவள் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் உன்னைக் கேட்டேன், ஞாபகம் இருக்கும். டெண்டரில் கலந்துகொள்கிற கம்பெனிக்காரர்களுக்கு எங்கள் ஆபீசில் சொந்தக்காரர் இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி, அதற்காகத்தான் மேடம் என்றாய். நீ அந்த இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டிருக்கிறாய். “நான் பொய் சொல்லலம்மா. எம்.டெக் ப்ராஜெக்ட்தான் அது. கம்பெனிதான் அதுக்கு ஸ்பான்சர்” என்றாய். நீ எப்போதும் பொய் சொல்ல மாட்டாய், அதுதான் உன் வியாதி. பத்தாவது படிக்கும்போது ஸ்டீபன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாய். போவது நிஜம்தான். அந்த வீட்டில் புதுக் கலர் டிவி வந்திருக்கிறது, கிரிக்கெட் மேட்ச் நடக்கிறது என்பதை மட்டும் விட்டுவிடுவாய். கணக்குப் பரீட்சை மார்க் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்போது அப்பா அடிக்க வந்தார், நான் நடுவில் புகுந்து தடுத்தேன். பையன் பொய்யா சொன்னான் என்று உனக்காக வாதாடினேன். அன்றைக்கு அவரை விட்டிருக்க வேண்டும்.

மெஷின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, இதை நீ நன்றாகப் புரிந்துகொள். என்னைக் கட்டுப்பெட்டி என்று உன் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிக்க வேண்டாம். செயற்கைக்கோள்கள் பெருகிக்கொண்டே போகின்றன, வந்து குவிகிற படங்களை எத்தனை பெண்கள் உட்கார்ந்தாலும் பார்த்து முடிக்க முடியாது. எங்களுக்கே அது தெரியும். கண் எரிகிறது, கழுத்து வலிக்கிறது. ஒரு மெஷின் வந்து பாதியைப் பார்த்துக்கொண்டால் நல்லதுதான் என்று மும்தாஜே பல தடவை சொல்லியிருக்கிறாள். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா, இது கம்பெனி வேலை, இது வந்தால் காண்ட்ராக்ட் பெண்களை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள், ஆனாலும் உதவி செய்வாயா என்று நேராகக் கேட்டிருக்கலாம். நான் செய்திருப்பேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பெற்றவள், ஒருவேளை செய்திருப்பேன். ஆனால் மும்தாஜைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, அவள் வேலையை அவள் கையாலேயே பறிக்க வைத்திருக்க மாட்டேன். கேட்டால் நான் மறுத்துவிடுவேனோ என்று பயந்து நீ கேட்கவே இல்லை. என்னிடம் மறுக்கிற உரிமையே இல்லாமல் செய்துவிட்டாய். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த வருஷம் காண்ட்ராக்ட் பெண்கள் ஒருவருக்கும் புதுப்பிக்கவில்லை. என்னை லைப்ரரி அறைக்கு மாற்றினார்கள். “உனக்கு வேலை போகலையேம்மா, நீ பர்மனன்ட்தானே” என்று நீ எனக்கு ஆறுதல் சொன்னாய். அந்த ஆறுதலைக் கேட்ட அன்றுதான் உன்னைப் பார்த்து எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. யாருக்குப் போனால் என்ன, நமக்குப் போகவில்லையே என்கிற பேச்சை இந்த வீட்டில் யாரிடமிருந்து கற்றாய்? நாங்கள் இருவரும் அப்படிப் பேசி நீ கேட்டிருக்க மாட்டாய்.

மும்தாஜ் கடைசி நாளன்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். நான் போக வேண்டும் போக வேண்டும் என்று நினைத்து, கால் வராமல் தள்ளிப்போட்டேன். போன வாரம்தான் போனேன். இதை உன்னிடம் சொல்லவில்லை. அவள் இப்போது வீட்டிலேயே புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறாள். நீ சொன்ன மாதிரி சும்மா இல்லை. கதவைத் திறந்தாள், வா என்றாள், தண்ணீர் கொடுத்தாள். நான் எனக்கு எதுவும் தெரியாது என்று ஆரம்பித்தேன். உன் மேல் சத்தியம், மாதா மேல் சத்தியம் என்றேன். அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள்.

“உன் வீட்டுல, உன் மேஜையில, உன் புள்ள. உனக்குத் தெரியாதுன்னா நான் நம்பணுமா?”

“தெரியாதுடி. சத்தியமா தெரியாது. எம்.டெக்னுதான் சொன்னான்.”

“சரி, அதை நம்பறேன். அப்பறம் ஹால்ல தெரிஞ்சிச்சுல்ல? என்னை மாதிரியே உனக்கும் அப்பவே தெரிஞ்சிச்சுல்ல? அவன் மேடம்னான், நீ சார்ன. ஒரு வார்த்தை, இவன் என் புள்ள, இந்த மார்க் எங்க ரெண்டு பேரோடதுன்னு நீ சொல்லியிருந்தா, அவங்க எங்களை வேலையை விட்டு எடுத்திருப்பாங்களோ என்னவோ, அதை விடு. நான் உன்னை விட்டிருக்க மாட்டேன்.”

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டு, கடைசியில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருப்போம். எங்களுக்கு அதுதான் பழக்கம். அவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். நீ என் முதுகுக்குப் பின்னால் செய்தது ஒன்று. அதற்குப் பிறகு ஹாலில் நீ கண்ணாலேயே கெஞ்சியதற்காக நான் வாயை மூடிக்கொண்டேன், அது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து அவள் ஒருத்தி தலையில் கட்டிவிட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோவிலில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டு உன் கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசித்தார்கள். உன் பெயர், ஷீலாவின் பெயர், பெற்றோர் பெயர். என் பெயரைப் பாதர் சத்தமாக வாசித்தார், இன்னாருடைய மகன் என்று. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாய் வலித்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மும்தாஜ் கேட்டதைச் சொன்னேன். “கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம். இப்ப எதையும் கெளறாதே” என்றார். அவர் ஃபாக்டரியில் யூனியன் மீட்டிங்குக்கும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், தீபாவளி முடியட்டும், கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று. கல்யாணத்துக்குப் பிறகு நீ சந்தாபுராவில் தனி வீடு போய்விடுவாய், பிறகு குழந்தை, அதன் ஞானஸ்நானம். முடிந்த பிறகு பேசலாம் என்றால் ஒருநாளும் முடியாது.

ஷீலா நல்ல பெண். கலகலவென்று பேசுகிறாள், கேட்டதை நம்புகிறாள். நம்புகிறவர்களிடம் பாதி சொல்வது எவ்வளவு சுலபம் என்று உனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றால் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அவளிடம் மீதிப் பாதியையும் சொல். சண்டை வரும், தட்டு பறக்கும், வரட்டும். நானும் உன் அப்பாவும் தட்டுப் பறக்காத வருஷம் கிடையாது, ஆனாலும் இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவளைக் கேட்காமல் அவளுக்காக நீ முடிவெடுத்தால், அது தெரியவரும் நாளில் அவள் சண்டைகூடப் போட மாட்டாள். உன்னை யாரோ மாதிரிப் பார்ப்பாள். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று நான் போன வாரம் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

புதுப் படங்களுக்கு மார்க் போடுவதைப் பற்றி. நான் போட மாட்டேன். உங்கள் கம்பெனிக்குக் கண் வேண்டுமென்றால் அந்தப் பெண்களிடம் நேராகப் போய், இது என்ன வேலை, எதற்காக, முடிந்த பிறகு என்ன ஆகும் என்று சொல்லி, வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்துக் கேட்கட்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதையும் கேட்டுக்கொண்டு திரும்பி வரட்டும். வீட்டுக்குள் கூப்பிட்டு, காலா என்று குழைந்து வாங்கிக்கொள்வது இனி நடக்காது. மும்தாஜுக்குப் பத்திரிகையையும் நீயே கொண்டுபோய்க் கொடு.

இப்போது நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகப் பெரிய அதிகாரியின் அறைக்குப் போகிறேன். அதனால் உங்கள் கம்பெனிக்குச் சிக்கல் வரும். உன் வேலைக்கே ஆபத்து வரலாம். விசாரணை என்று ஆரம்பித்தால் என் பென்ஷனையும் இழுத்தடிப்பார்கள், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று என்னைத்தான் முதலில் கேட்பார்கள். கல்யாணச் சமயத்தில் இப்படிச் செய்கிற தாய் உண்டா என்று நம் சொந்தக்காரர்கள் ஏசுவார்கள். எல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டேன், ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம், முடிவு மாறவில்லை. உனக்குச் சொல்லாமலே போய்ச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்தால் எனக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அதனால்தான் முன்கூட்டி எழுதுகிறேன். இதை அப்பாவிடமே கொடுத்தனுப்புகிறேன், நாளைக் காலை உன் கையில் இருக்கும். யோசிக்க உனக்குச் சனியும் ஞாயிறும் இருக்கிறது.

நீயும் வரலாம். வந்தால் நீயே பேசு, நான் பக்கத்தில் நிற்கிறேன், திட்டு விழுந்தால் சேர்ந்தே வாங்கிக்கொள்வோம். வராவிட்டால் நான் தனியாகப் போவேன். எப்படிப் போனாலும் அங்கே சொல்லப்போவது இதுதான்: சார், அன்றைக்கு இந்த மெஷினுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டீர்கள். மும்தாஜும் நானும். இந்தப் பையன் என் மகன்.

அம்மா